கேட்காமல் எழுதிய கட்டம்

திண்டிவனம்,
11-6-1962

அன்புள்ள மாமாவுக்கு,

ஞானமதி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டுவிட்டு வருகிறது. "உன் மாமா அனுப்பின தைலம் தீர்ந்துபோச்சுன்னு எழுது" என்கிறாள், எழுதிவிட்டேன். அத்தையின் இருமல் நின்றதா? கண்ணுக்கு மருந்து விடுகிறீர்களா?

ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும். எங்கள் பள்ளியில் இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்களில் சவுரியம்மாள் என்று ஒரு பெண். நெடுந்தாங்கல் சேரியைச் சேர்ந்தவள். அப்பா அப்பாதுரைக்குக் கூலி வேலை. தினமும் நாலு மைல் நடந்து வந்து படித்தாள். அந்தச் சேரியிலிருந்து இதுவரை ஒருவரும் கல்லூரி வாசல் மிதித்ததில்லை. நான்தான் விண்ணப்பம் எழுதிப் போட்டேன். சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யு.சி.க்கு இடம் கிடைத்துவிட்டது. படிப்புச் சம்பளத்தையும் விடுதிச் செலவையும் ஹரிஜன நல இலாகா ஏற்கும் என்று நம்பியிருந்தேன். இலாகா மனுவைத் திருப்பிவிட்டது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'இந்தியக் கிறிஸ்தவர்' என்று இருக்கிறது; அந்த உதவி இந்து ஆதிதிராவிடருக்கு மட்டும்தானாம்.

அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. மூன்று குழந்தைகள் தவறிப்போன பிறகு, அம்மா குப்பம்மாள் சவேரியார் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி, நாலாவது தங்கினால் உன் பேரை வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். தங்கியது. பேர் வைத்தார்கள். அவ்வளவுதான். அப்பாதுரையிடம் விஷயத்தைச் சொன்னபோது, "இன்னா டீச்சரம்மா, பேரு வச்சா மதம் மாறிப்பூடுமா? எம் பேர்லகூடத்தான் தொரை கீது. நான் இன்னா வெள்ளக்காரனா?" என்றார்.

நெடுந்தாங்கல் ஆரம்பப் பள்ளிக்குப் போய் 1951-ம் வருஷச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தேன். தவறு அங்கேதான் தொடங்கியிருக்கிறது. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லாத பதிவேடு. இதை எப்படி மாற்றுவது? முப்பத்தைந்து வருஷம் பதிவேடுகளோடு இருந்தவர் நீங்கள்.

அன்புடன்,
ஞானமதி

*

அருகன் துணை

விழுப்புரம்,
14-6-1962

அன்புள்ள ஞானமதிக்கு,

மாமாவின் ஆசி. இங்கே அத்தைக்கு இருமல் பாதி நின்றது. என் கண் அப்படியே இருக்கிறது. தைலத்தை ரெயில்வே ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்த பிறகு தடவ வேண்டும். முன்னால் தடவினால் பயன் இல்லை என்று அம்மாவிடம் சொல்.

நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்தவரை: முதலில் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணமும் மணியக்காரரும் கையெழுத்திட்ட சான்று வாங்க வேண்டும். அதை வைத்துத் தாசில்தாரிடம் ஜாதிச் சான்றிதழ். அதன் பிறகு உங்கள் தலைமையாசிரியை மூலம் கடலூரில் ஜில்லா கல்வி அதிகாரிக்கு மனு. ஒவ்வொரு காகிதத்துக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொள். மனுவில் தேதி போட மறக்காதே. நான் சொல்வதில் ஏதாவது மாறியிருக்கலாம். நான் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது.

இந்த வருஷம் மல்லாட்டைக் கடலை விதைக்க மழை போதுமா அங்கே? இங்கே வானம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன் நலம் நாடும்,
ஜீவேந்திரன்

*

திண்டிவனம்,
21-6-1962

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். தைலம் வந்தது. அம்மா ஒற்றடத்துக்கு முன்னால்தான் தடவுகிறாள். என்னால் சொல்ல முடியவில்லை.

நீங்கள் எழுதிய வரிசைப்படியே போனேன். கர்ணம் அரை நாள் காக்க வைத்துவிட்டு, "இவங்க வீட்டுத் திரௌபதை அம்மன் கூழை நானே பாத்திருக்கேம்மா, இவங்களா கிறிஸ்தவங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தாசில்தாரும் சான்றிதழ் கொடுத்துவிட்டார். கடலூரில்தான் நின்றுவிட்டது. உதவி கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு எத்தனையோ பேர் இப்படி மாற்றக் கேட்கிறார்களாம். அப்பா சொன்னதைத்தான் எழுதினார்களா, எழுதியவரே தவறாக எழுதிவிட்டாரா என்பது தெரிய வேண்டும் என்கிறார்கள். பதிவேட்டை எழுதிய ஆசிரியரிடமிருந்து வாக்குமூலம் வந்தால் அதிகாரியே அங்கீகரித்து மேலே அனுப்புவாராம். வராவிட்டால் மனு கிடக்குமாம்.

கல்லூரியில் ஜூலை 12 வரை இடத்தை வைத்திருப்பார்கள்.

பதிவேட்டின் ஓரத்தில் சுருக்கொப்பம் ஒன்று இருக்கிறது. மாமா, நீங்கள் அந்தப் பக்கமெல்லாம் வேலை பார்த்தவர். 1951-ல் நெடுந்தாங்கலில் யார் இருந்தார் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா?

பதிலை எதிர்பார்த்து,
ஞானமதி

*

(தபால் கார்டு)

திண்டிவனம், 30-6-1962

மாமாவுக்கு வணக்கம். ஒன்பது நாளாக உங்கள் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? சவுரியம்மாள் தினமும் பள்ளிக்கு வந்து தபால் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போகிறாள். இரண்டு வரி போதும்.
ஞானமதி

*

விழுப்புரம்,
2-7-1962

அன்புள்ள ஞானமதிக்கு,

ஆசி. எல்லோரும் சுகம். கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்ததால் பேனா எடுக்கவில்லை. உன் அத்தான் ஸ்டேஷனில் இரண்டு ஷிப்டு பார்க்கிறான். அத்தை கேப்பைக் கூழ் காய்ச்சினாள், எனக்கு ஒத்துக்கொண்டது.

நீ கேட்ட விஷயத்தில், அந்த ஆசிரியரைத் தேடுவதில் நாள் போய்விடும் என்று தோன்றுகிறது. அவர் வயதானவராக இருக்கலாம். பதினொரு வருஷத்துக்கு முந்தியதை நினைவில்லை என்றும் சொல்லக்கூடும். தாசில்தார் சான்றிதழே வலுவான காகிதம். அதை முன்வைத்து இன்னொரு மனு எழுதிப் பார்க்கலாம். நான் நகல் தயாரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். வாசகத்தில் குறை இருந்தால் மாற்றிக்கொள்.

ஜீவேந்திரன்

*

நெடுந்தாங்கல்,
5-7-1962

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

மாணவி சவுரியம்மாள் வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் ஞானமதி டீச்சர் தங்கள் விலாசத்தைக் கொடுத்தார்கள். எனக்காகத் தாங்கள் எழுதிய மனுவுக்கு நன்றி. என் அப்பா தங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்கிறார். அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன்.

"சார், நீங்க படிச்சவங்க. நாயம் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப வாத்தியாரு பேரு கேட்டாரு, சொன்னேன். மதம் இன்னா, சாதி இன்னான்னு கேக்கல. மடமடன்னு எழுதினாரு. கட்டை வெரல்ல மை தடவி வைக்கச் சொன்னாரு, வச்சேன். இப்ப கடலூர் ஆபீசுல இன்னா சொல்றாங்கன்னா, ரேகை வச்சிக்கீறியே, அப்ப நீ சொல்லித்தானே எழுதினதுன்றாங்க. தப்பு எம்மேலன்றாங்க. வூட்லயும் இவ அம்மா அதையேதான் சொல்லிக்கினு அழுவுறா. படிக்கத் தெரிஞ்சா பாத்துட்டு வச்சிருப்பேன். நான் வச்ச ரேகையால பொண்ணு படிப்பு பூடுச்சேன்னு சோறு எறங்கல. அந்த வாத்தியாரு பேருகூட தெரியாது, ஆனா தங்கமானவரு. எங்க பசங்கள மூலைல குந்த வைக்காம முன்னால குந்த வச்சாரு. அவரு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நான் இப்ப இன்னா பண்ணணும்?"

இவ்வளவுதான் அவர் சொன்னது.

இப்படிக்கு,
அ. சவுரியம்மாள்

*

விழுப்புரம்,
8-7-1962

அன்புள்ள ஞானமதிக்கு,

ஆசி. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இந்தத் தடவை நேராகச் சொல்லிவிடுகிறேன். 1951-ல் நெடுந்தாங்கல் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவன் நான். அந்தக் கட்டத்தை நிரப்பியது என் கை. உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அன்று நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. பள்ளி திறந்த வாரம். ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாதுரை மட்டும் படிக்குக் கீழே, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை பேர் முன்னால் அவரை என்ன மதம், என்ன ஜாதி என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டால் அவர் தலை குனிய வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கேட்காமல் விடுவதை மரியாதை என்று எண்ணிக்கொண்டேன். பேரைச் சொன்னார், பேரிலேயே விடை இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதினேன். ஒரு கட்டத்தைக் காலியாக விட எனக்கு மனம் வராது. கேட்டிருந்தால் அவர் குனிந்திருக்க மாட்டார், சாதாரணமாகச் சொல்லியிருப்பார் என்று இப்போது படுகிறது. கூச்சம் என்னுடையது. அதை அவர் மேல் ஏற்றிவிட்டேன்.

அந்த வருஷம் வந்த இன்ஸ்பெக்டர் என் பதிவேட்டை மற்றப் பள்ளிகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி, பாராட்டு எழுதிக்கொடுத்தார். அத்தை அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். இந்த மூன்று வாரமாக என்னைத் தடுத்தது பென்ஷன் பயம் அல்ல. 'ஜீவேந்திரனா இப்படி எழுதினான்' என்று நாலு பேர் சொல்வார்களே என்ற நினைப்புதான். ஒரு பெண்ணின் படிப்புக்கு எதிரே இதை வைத்துப் பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. 'அவர் வயதானவராக இருக்கலாம்' என்று என்னைப் பற்றி நானே எழுதிய வரியை நீ கிழித்துப் போட்டுவிடு.

அப்பாதுரை சாப்பிடாமல் இருக்கிறார் என்று அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். தவறு அவருடையது அல்ல என்று இன்றைக்கே யாரையாவது அனுப்பிச் சொல்லச் சொல். எழுதியவன் யார் என்றும் சொல்லட்டும்.

புதன்கிழமை காலை பாசஞ்சரில் கடலூர் போகிறேன். வாக்குமூலம் எழுதி வைத்துவிட்டேன்.

ஜீவேந்திரன்

*

திண்டிவனம்,
10-7-1962

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நேற்றே நானே நெடுந்தாங்கலுக்குப் போய்ச் சொன்னேன். அப்பாதுரை, "மனு எழுதிக் குடுத்தாரே, அவரா" என்று மட்டும் கேட்டார். அன்று சாப்பிட்டார் என்று சவுரியம்மாள் சொன்னாள்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். பதிவேட்டைப் பார்த்த அன்றே உங்கள் எழுத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வயதிலிருந்து உங்கள் கடிதங்களைப் படிக்கிறேன், தெரியாமல் இருக்குமா? 'மாமா, இது நீங்கள்தானே' என்று முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும். பெரியவரைக் கேட்பதா என்று சுற்றி வளைத்தேன். நீங்களாகச் சொல்லட்டும் என்று காத்திருந்ததில் ஒரு மாதம் போய்விட்டது. நீங்கள் அவரைக் கேட்கவில்லை; நான் உங்களைக் கேட்கவில்லை. அவளுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

கடலூரில் வெயிலில் நிற்காதீர்கள்.

ஞானமதி

*

விழுப்புரம்,
17-7-1962

அன்புள்ள ஞானமதிக்கு,

ஆசி. ஊர் திரும்பியது முதல் லேசான ஜுரம், இப்போது இல்லை.

புதன்கிழமை அதிகாரி முகாம் போயிருந்தார். தங்கி, வியாழக்கிழமை பார்த்தேன். வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார். "தானாக வந்து என் தப்பு என்று சொல்லும் ஆளை நான் பார்த்ததில்லை. யாராவது மிரட்டினார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏற்றுக்கொண்டார். ஆனால் உத்தரவு சென்னையிலிருந்து வர வேண்டும், மூன்று நாலு மாதம் ஆகும் என்றார். கல்லூரிக்கு ஒரு தந்தி கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை, சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது. அவருக்கு அந்த அதிகாரம் இல்லையாம். 12-ம் தேதி அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே கல்லூரியின் கெடு முடிந்துவிட்டது.

அப்பாதுரையும் வந்திருந்தார். என் எதிரே வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அது கெடக்கட்டும் சார். சின்னக்கண்ணு மவன் அந்தோணிக்கும் இதேதான் எழுதினீங்களா?" என்றார். அந்தப் பையனை ஹரிஜன விடுதியில் சேர்க்காததால் எட்டாவதோடு நின்று, இப்போது கரும்பு வெட்டப் போகிறானாம். எனக்கு நினைவில்லை. மறுநாள் நெடுந்தாங்கல் போய்ப் பதிவேட்டை முழுவதும் புரட்டினேன். என் எழுத்தில் அந்தோணியோடு சேர்த்து அப்படி இன்னும் மூன்று பேர். மூவருக்கும் வாக்குமூலம் எழுதி அனுப்பிவிட்டேன். அந்தோணிக்கு அதனால் என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை.

சவுரியம்மாளிடம் அடுத்த ஜூன் மாதம் என்று சொல். எப்படிச் சொல்வாயோ.

ஜீவேந்திரன்

*

திண்டிவனம்,
16-12-1962

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அம்மா நடமாடுகிறாள். பனிக்கு அத்தை ஜாக்கிரதையாக இருக்கட்டும்.

உத்தரவு போன வாரம் வந்துவிட்டது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இந்து, ஆதிதிராவிடர் என்று சிவப்பு மையில் திருத்தி முத்திரை வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு நெடுந்தாங்கலுக்கு ஓடினேன். அங்கே வேறு செய்தி. விக்கிரவாண்டிப் பக்கம் லாரி ஓட்டும் பையன் ஒருவனுக்கு அவளைப் பேசியிருக்கிறார்கள். தை கடைசியில் கல்யாணம். "ஆறு மாசமா வூட்ல குந்திக்கினு கீறா டீச்சரம்மா. மல்லாட்டை உரிக்கிறா, படிச்ச புள்ளைக்கு இதுதானான்னு சனம் கேக்குது. காகிதம் காகிதம்னு எத்தினி நாள் பாக்கறது?" என்கிறார் அப்பாதுரை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சவுரியம்மாளை நான் கேட்கவில்லை. நான் கேட்டால் என் ஆசையைத்தான் திருப்பிச் சொல்வாள் என்று எனக்குப் பயம். நீங்கள் வந்து கேட்பீர்களா?

ஞானமதி

*

விழுப்புரம்,
8-1-1963

அன்புள்ள ஞானமதிக்கு,

ஆசி. உன் கடிதம் வந்து மூன்று வாரம் தயங்கினேன், நேற்றுப் போய்வந்தேன். திண்டிவனத்தில் இறங்கி உன் வீட்டுக்கு வராமலே பஸ் பிடித்தேன். உன் முகத்தைப் பார்த்தால் உன் பக்கம் பேசிவிடுவேன் என்று தோன்றியது. கோபித்துக்கொள்ளாதே.

வீட்டு வாசலில் மூவரும் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாதுரை எழுந்து, "வாங்க சார். இப்ப எந்தக் கட்டத்துல இன்னா எழுதணும்?" என்றார். அதற்கு நான் தகுதியானவன்தான். "எழுத வரவில்லை, கேட்க வந்தேன்" என்றேன். "யார கேக்கணும்?" "உங்கள் பெண்ணை." "அடடே, பொண்ணு கேட்டா வந்துக்கீறீங்க? எங்களுக்கு மாப்பிள்ளை ஏற்கெனவே ரெடியா கீறான் சார்" என்றார். குப்பம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு பேச முடிந்தது.

அவளிடம், உனக்கு எது வேண்டும் என்று கேட்டேன். கையிலிருந்ததை உரித்து முடித்தாள். பிறகு என்னையே கேட்டாள். "அங்க போனப்புறம் இன்னொரு காகிதம் தப்புன்னு திருப்பி அனுப்பினா என்ன சார் பண்றது? அப்ப காலேஜும் இருக்காது, கல்யாணமும் இருக்காது." அப்படி நடக்காது என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்ல முடியவில்லை. நடக்கலாம் அம்மா, எனக்குத் தெரியாது என்றேன். அப்படி நடந்தால், நான் உயிரோடு இருந்தால் அந்த ஆபீசுக்கும் போய் உட்காருவேன் என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்து, "நான் போறேன்பா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "திருப்பி அனுப்பினாலும் பரவால்ல" என்றாள்.

"மாப்பிள்ளை வூட்டுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றார் அப்பாதுரை. குப்பம்மாள் தலை நிமிராமல், "படிக்கப் போறான்னு சொல்லு. காத்துக்கினு இருந்தா இருக்கட்டும். இல்லாட்டி அவனுக்கு ஊர்ல பொண்ணா இல்ல?" என்றாள். அப்பாதுரை என்னைப் பார்த்து, "இவளுக்கு மூணு பேர பறிகுடுத்த தெகிரியம் சார்" என்றார். அவர் சரி என்று சொல்லவில்லை. ஆனால் பஸ் வரை கூட வந்தார். விண்ணப்பம் எந்த மாதம் போட வேண்டும் என்று கேட்டார்.

ஏப்ரலிலேயே எல்லா நகலும் எடுத்து வைத்துவிடு. நானும் சென்னைக்குக் கூடப் போகலாம் என்று இருக்கிறேன், கண் இடம் கொடுத்தால்.

ஜீவேந்திரன்

*

சென்னை,
4-7-1963

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

சவுரியம்மாள் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். தங்களுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனதாக டீச்சர் எழுதியிருந்தார்கள். கட்டு அவிழ்த்துவிட்டார்களா? இதைத் தங்களுக்கு யாராவது படித்துச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

தாங்கள் வர முடியாததால் அப்பாவும் நானும் மட்டும் வந்தோம். ரெயிலில் அப்பா காகிதப் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. விடுதியில் ஒரு அறைக்கு ஆறு பேர். சாம்பார் தண்ணீராக இருக்கிறது. இங்கிலீஷ் வகுப்பு பாதிதான் புரிகிறது. பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கும் பாதிதான் புரிகிறதாம், ஆனால் அவளுக்குப் புரிவது வேறு பாதி. அதனால் சமாளிக்கிறோம்.

சேர்ந்த அன்று நடந்ததை டீச்சருக்கு எழுதவில்லை. தங்களுக்குத்தான் எழுத நினைத்தேன். ஆபீசில் வரிசையாக நின்றோம். குமாஸ்தா பேர் கேட்டார். சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை, பேனா அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. "சார், மதம் என்னன்னு என்னைக் கேளுங்க" என்றேன். வரிசையில் எல்லோரும் பார்த்தார்கள். அப்பா என் கையைப் பிடித்தார். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரி, என்ன?" என்றார். மதமும் சொன்னேன், ஜாதியும் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அப்பா குனியவில்லை ஐயா. நான் பார்த்தேன்.

குமாஸ்தாவுக்குக் கோபம். "எனக்கு எழுதத் தெரியாதா? போய் அந்த பெஞ்சில் உட்கார்" என்றார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.

இப்படிக்கு,
அ. சவுரியம்மாள்,
பி.யு.சி.